ஆறு மீட்டர் கயிறு கட்ட ஓர் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-ல் இதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீசார் 10 பேர் இறந்தார்கள். அந்த நினைவில்தான் ஆண்டுதோறும் மாவட்டத் தலைநகரங்களில் மலர்வளையம் வைக்கிறார்கள். முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுக்கப் பணியில் உயிர்விட்ட காவலர்களின் பெயர்களை வாசிக்கிறார்கள். துப்பாக்கியின் வாயைக் கீழே திருப்பித் தலைகுனிந்து நிற்பார்கள், பியூகிள் ஒலிக்கும், வானத்தைப் பார்த்துக் குண்டு முழங்கும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் கொல்லப்பட்ட மூன்று பேரை மட்டும் நினைத்துப் பாருங்கள். 2012 அக்டோபரில் எங்கள் ராமநாதபுரத்துக்குப் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் மருதுபாண்டியர் குருபூஜை பந்தோபஸ்தில் இருந்தபோது கொல்லப்பட்டார் உதவி ஆய்வாளர் ஆல்வின் சுதன். 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் தனியாக நின்ற சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன். 2021 நவம்பரில் ஆடு திருடியவர்களை இரவில் மோட்டார் சைக்கிளில் விரட்டிப் போன சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன். பந்தோபஸ்து, சோதனைச் சாவடி, இரவு ரோந்து. மூன்றுமே ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு காவலர் செய்கிற சாதாரண வேலை. அந்த வேலைக்கு அடுத்த ஆள் எங்கிருந்து வருகிறார், வர நினைப்பவரை எது வழியில் நிறுத்துகிறது என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 1859-ல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்த செப்டம்பர் 6-ஐ 2025 முதல் தமிழக அரசு காவலர் நாளாகவும் கொண்டாடுகிறது. மரியாதை செய்ய இப்போது இரண்டு நாள் இருக்கிறது. மீதி 363 நாளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

எஸ்.பி.பட்டினத்திலிருந்து தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் வந்து, திரும்பித் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி வரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர் கரை நம் ராமநாதபுரம் மாவட்டத்துடையது. மண்டபம், பாம்பன் ஆட்கள் இதை வடகடல், தென்கடல் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல். எந்த மாதம் எந்தப் பக்கம் படகை இறக்கலாம், எங்கே தரை தட்டும், எங்கே பாசி புரொப்பல்லரில் சுற்றும் என்பது இந்தக் கரையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கே தெரியும். மேட்டூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் மரைன் போலீசுக்கு மாற்றலாகி வரும் காவலருக்கு இதைக் கற்றுக்கொள்ளவே ஓர் ஆண்டு போய்விடும், முதல் மாதம் வாந்தியிலேயே கழியும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் கடலைப் பார்த்ததே அப்போதுதான். மரைன் போலீஸ் என்று நாம் சொல்லும் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994-ல் தொடங்கியது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கரையோரக் காவல் நிலையங்கள் கூடின, படகுகள் வந்தன. அந்தப் படகில் ஏறும் வேலைக்கும் வழி சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் இரண்டாம் நிலைக் காவலர் பொதுத் தேர்வுதான். கடல் தெரிந்தவன் என்பதற்கு அந்தத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. அதனால் இவர்களும் எல்லோரையும் போலவே ஓடி, தாண்டி, கயிறு ஏறித்தான் உள்ளே போக வேண்டும்.

தேர்வின் கணக்கு தெரியாமல் பாதிப் பேர் பயிற்சி எடுக்கிறார்கள். மொத்தம் 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, உடற்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றுகளுக்கு 6. எழுத்துத் தேர்வோடு 80 கேள்விகள் கொண்ட தமிழ்த் தகுதித் தேர்வு தனியாக இருக்கிறது. அதில் 40 சதவீதம், அதாவது 32 வாங்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். 32 எளிது என்று நினைத்துத் தமிழைத் தொடாமல் போகிறவர்களில் ஆங்கில வழியில் படித்தவர்கள் அதிகம், அவர்களுக்கு இலக்கணப் பகுதி காலை வாரிவிடும். முதன்மைத் தாளில் பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எண் தொடர், திசை, உறவுமுறை, சின்னக் கணக்குகள்தான் அது, நாளுக்கு இருபது கேள்வி வீதம் போட்டால் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். 70-க்கு 25 குறைந்தபட்சம். அதுவும் வாசலைத் தாண்டத்தான் உதவும். உடற்திறன் தேர்வுக்கு ஓர் இடத்துக்கு ஐந்து பேர் என்ற விகிதத்தில்தான் கூப்பிடுவார்கள். 2023 அறிவிப்பில் போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் சேர்த்து 3,359 இடங்கள், 2025-ல் 3,644. மாநிலம் முழுக்கவும் அவ்வளவுதான்.

மைதானத்தில் முதலில் உயரம் பார்ப்பார்கள். ஆண்களுக்கு 170 செ.மீ., பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. பெண்களுக்கு 159, பட்டியலினம், பழங்குடிக்கு 157. வளரலாம் என்று கம்பியில் தொங்குபவர்களுக்கும் மருந்துக் கடையில் பவுடர் வாங்கித் தின்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இருபது வயதில் அது நடக்காது. காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும், எல்லோருக்கும் அப்படித்தான். 169.5 இருப்பவர் முந்தைய இரவு நன்றாகப் படுத்துத் தூங்கிவிட்டுப் போவதுதான் செய்யக்கூடிய ஒரே காரியம். இரவு முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து வந்து இறங்கினால் இருக்கும் அரை சென்டிமீட்டரும் போய்விடும்.

மார்பளவில் நடக்கும் தவறு இன்னும் பரிதாபம். சாதாரணமாக 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். 81 வராதோ என்ற பயத்தில் நாடாவைச் சுற்றும்போதே பையன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறான். எழுதுபவர் 84 என்று குறித்துக்கொள்வார். அடுத்து "இழு" என்றதும் இழுக்க இடமில்லை, 87-ல் நின்றுவிடும். விரிவு 3 செ.மீ.தான், வெளியே போ. வேலைக்கு வேண்டிய உடம்பு இருந்தும் இந்தப் பதற்றத்தால் வீட்டுக்குத் திரும்பியவர்கள் உண்டு. நாடா சுற்றும்போது மூச்சை இயல்பாக விட வேண்டும். இழுக்கும்போது தோளைத் தூக்காமல் விலாவை இரு பக்கமும் விரிக்க வேண்டும். ஒரு தையல் நாடாவும் ஒரு நண்பனும் போதும், வீட்டுத் திண்ணையில் பத்து நாள் பழகலாம்.

அடுத்து ஓட்டம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில். 1,500 என்பது 400 மீட்டர் ஓடுதளத்தில் மூன்று சுற்றும் 300 மீட்டரும். 7 நிமிடத்தைப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 112 விநாடி. விசில் அடித்ததும் முதல் சுற்றை 80, 85 விநாடியில் பறந்து முடிப்பவன் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். முதல் இரண்டு சுற்றும் 110, மூன்றாவது 112 என்று ஓடிவந்தால் கடைசி 300 மீட்டருக்கு 88 விநாடி கையில் இருக்கும், போதும். பயிற்சியில் ஆறரை நிமிடத்துக்குப் பழக வேண்டும். ஏனென்றால் தேர்வில் கூட்டத்தோடு ஓட வேண்டும், வளைவில் முந்துவதற்காக ஒரு தடம் வெளியே தள்ளி ஓடினால் ஒரு சுற்றுக்கு ஏழரை மீட்டருக்கு மேல் கூடுதல். கடைசிவரை அப்படியே ஓடினால் 28 மீட்டர், கிட்டத்தட்ட 8 விநாடி கணக்கில்லாமல் போகும். முந்துவதை நேர்பகுதியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் கரைப் பிள்ளைகள் இதை எங்கே பழகுவார்கள்? தென்கடல் பக்கம் மணல் உண்டு. உலர்ந்த மணலில் ஓடினால் கெண்டைக்கால் வலுப்படும், ஆனால் வேகம் எவ்வளவு என்று ஒன்றும் தெரியாது. அலை நனைக்கும் ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் அது கடலை நோக்கிச் சரிவு. ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு கணுக்காலும் ஒரு இடுப்பும் மட்டும் தேயும். போன தூரம் அதே கோட்டில் திரும்பி ஓட வேண்டும். வடகடல் பக்கம் தேவிபட்டினம், தொண்டியில் கரை சேறு, அங்கே ஓட வழியே இல்லை. எனவே அதிகாலை நான்கரைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிறார்கள். அந்த நேரத்தில்தான் மீன் லாரிகளும் ஏர்வாடி, ராமேஸ்வரம் போகும் வேன்களும் தூக்கக் கலக்கத்தில் வரும். காவலராக வேண்டும் என்று ஓடும் பிள்ளை கருப்புச் சட்டையோடு சாலை ஓரத்தில் ஓடுவதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. வேறு இடம் கிடைக்கும்வரை வெள்ளைச் சட்டை போட்டு, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரத்தில் ஓடுங்கள். இன்னொன்று, கரையில் வெறுங்காலோடு பழகிவிட்டுத் தேர்வன்று புது ஷூ மாட்டினால் இரண்டாவது சுற்றிலேயே குதிகாலில் கொப்புளம் கிளம்பும். ஷூவைக் குறைந்தது மூன்று வாரம் போட்டு ஓடிப் பழக்க வேண்டும்.

ஓட்டத்தில் தேறியவர்களுக்குத்தான் ஸ்டார் என்கிற நட்சத்திர மதிப்பெண். ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் 5 மீட்டர் என்றால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் என்றால் இரண்டு. நீளம் தாண்டுதல் 3.80 அல்லது 4.50, அதற்குப் பதில் உயரம் தாண்டுதல் 1.20 அல்லது 1.40. 100 மீட்டர் ஓட்டம் 15 விநாடி அல்லது 13.50, அல்லது 400 மீட்டர் 80 விநாடி அல்லது 70. பெண்களுக்கு நீளம் தாண்டுதல் 3 மீட்டர், 3.75. நான்கு கிலோ குண்டு 4.25, 5.50, அல்லது கிரிக்கெட் பந்து 17 மீட்டர், 24. ஓட்டம் 100 மீட்டர் என்றால் 17.50, 15.50. எழுத்தில் ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில் யாருக்கு வேலை என்பதை இந்த ஸ்டார்கள்தான் முடிவு செய்கின்றன.

கயிற்றில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வேடிக்கை இங்கேதான். கரை முழுக்கக் கயிறு கிடக்கும் ஊர் இது, நங்கூரக் கயிறு, வலைக் கயிறு, விசைப்படகு கட்டும் வடம் என்று காலில் தட்டும். ஆனால் பிள்ளைகள் ஏறிப் பழக ஆறு மீட்டர் கயிறு ஒன்று தொங்கும் இடம் விரல்விட்டு எண்ணக்கூட இல்லை. வேப்ப மரக் கிளை நான்கு மீட்டரிலேயே வளைந்துவிடும். தென்னையின் தலையில் கட்டினால் கயிறு மரத்தை ஒட்டிக் கிடக்கும், காலைப் பின்ன முடியாது. படகின் நைலான் கயிறு மெல்லிது, வழுக்கும், கையை அறுக்கும். அதில் பழகியவன் தேர்வில் தடித்த கயிற்றைப் பிடித்ததும் பிடி முழுதாகச் சேராமல் திணறுகிறான். ஒன்றரை அங்குலம் கனமுள்ள தேங்காய் நார் வடம் அல்லது மணிலா கயிறு வேண்டும். 6 மீட்டரைத் தொட வேண்டுமானால் கட்டும் குறுக்குக் கம்பி ஏழரை மீட்டரிலாவது இருக்க வேண்டும், தலைக்கும் கைக்கும் இடம் வேண்டாமா. கயிற்றைக் கம்பியில் நேரே முடிச்சுப் போட்டால் உரசி உரசி மேலே இழை அறும், கீழே நிற்பவர் கண்ணுக்கு அது தெரியாது. படகுச் சாமான் கடையில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய சாக்கிளும் (குறுக்கே ஆணி போட்டுப் பூட்டும் இரும்புக் கொக்கி) வளையமும் போட்டுத் தொங்கவிட வேண்டும். சாதாரண இரும்பு வாங்கினால் உப்புக் காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் துரு தின்றுவிடும். மாதம் ஒரு தரம் ஏணி வைத்து மேலே ஏறிப் பார்க்க வேண்டும். நார் வடம் மழையில் நனைந்தே கிடந்தால் உள்ளே மக்கும், மேலே நன்றாகத்தான் தெரியும். ஆண்டுக்கு ஒன்று மாற்றிவிடுவது நல்லது. ஐந்திலும் ஆறிலும் சிவப்புத் துணி சுற்றி அடையாளம் வைக்க வேண்டும். கீழே முழங்கால் ஆழத்துக்கு மணல், அதன்மேல் பழைய வலைகளைச் சாக்கில் திணித்துத் தைத்த மெத்தை. வலையை அப்படியே விரித்தால் கால் சிக்கும்.

ஏறும் முறையிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கக் கோளாறு உண்டு. வலை இழுத்த தோள், கை வலு தாராளம். அதை நம்பிக் காலைத் தொங்கப்போட்டுக் கையாலேயே ஏறுவார்கள். நான்கு மீட்டரில் முன்கை கல்லாக இறுகிவிடும், விரல் தானாகவே விரியும். காலுக்கு வேலை கொடுக்க வேண்டும். கயிறு வலது பாதத்தின் வெளிப்புறமாக வந்து அடியில் போய் இடது பாதத்தின் மேல் ஏற வேண்டும், அதை வலது பாதத்தால் அழுத்தினால் பூட்டு விழும். முழங்காலை மார்பு வரை தூக்கு, பூட்டு, எழுந்து நில், கையை மாற்று. ஒவ்வொரு எழுச்சிக்கும் 60, 70 செ.மீ. கிடைக்கும், ஆறு மீட்டருக்கு ஒன்பது பத்து எழுச்சி போதும். இறங்கும்போது சறுக்கி வரக் கூடாது. உள்ளங்கைத் தோல் உரிந்தால் அடுத்து ஒரு வாரம் கயிற்றைத் தொட முடியாது. பழக ஆரம்பிக்கும்போது தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே காலைப் பூட்டிப் பழகினால் நான்கு நாளில் பிடிபடும்.

எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான். வீரவணக்க நாளில் மலர்வளையம் வைக்கும் ஆயுதப்படை மைதானத்தை, கவாத்து இல்லாத நேரத்தில் வாரம் இரண்டு காலை, மனு செய்த பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். ராமநாதபுரத்தில் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் இருக்கிறது, ஆனால் தொண்டியிலிருந்து 45 கிலோமீட்டர், ராமேஸ்வரத்திலிருந்து 55. தினமும் வந்துபோக முடியாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்ட இலவச வகுப்புக்கும் இதே தூரம். அதனால் கரையில் நான்கு இடத்திலாவது, அரசுப் பள்ளி மைதானங்களில், ஒரு கயிற்றுச் சட்டமும், ஒரு நீளம் தாண்டும் குழியும், சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுதளமும் வேண்டும். 200 மீட்டர் சுற்று ஆனாலும் சரி. பெண்களுக்கு மாலையில் தனி நேரம், விளக்கு, பூட்டுப் போட்ட கழிப்பறை. இது இல்லாமல் கீழக்கரையிலும் தொண்டியிலும் எந்தத் தாயும் மகளை மைதானத்துக்கு அனுப்ப மாட்டார், அதில் தப்பும் இல்லை. காவலர் பணியில் பெண்களுக்கு 30 சதவீதம் இருக்கிறது, நம் கரையில் அதற்கு முயல்பவர்களே குறைவு.

எப்போது நடத்துவது என்பதற்குக் கடலே தேதி குறித்துக் கொடுத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் இளைஞர்கள் அத்தனை பேரும் கரையில் இருப்பார்கள், படகில் பெயின்ட் அடிப்பதும் வலை கட்டுவதும் பகலில்தான். எட்டு வாரப் பயிற்சிக்கு அது அச்சில் வார்த்தது போல. முதல் இரண்டு வாரம் நடையும் மெதுவோட்டமும் மட்டும், நேரம் பார்க்கக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து 400 மீட்டரை 105 விநாடியில் நான்கு தரம், நடுவே இரண்டு நிமிட நடை, வாரம் இரண்டு நாள். கயிறு வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தாண்டுதல் ஐந்தாவது வாரத்திலிருந்து போதும், அதற்கு முன்னால் தாண்டினால் பழகாத முழங்கால் வீங்கும். கடைசி இரண்டு வாரத்தில் ஒரே காலையில் ஓட்டம், கயிறு, தாண்டுதல் என்று தேர்வு மாதிரியே. வெயில் ஏறுவதற்குள், ஏழரைக்கு முடித்துவிட வேண்டும். அதிகாலையில் பழைய சோற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு வருகிறவன் கடையில் விற்கும் கலர் பானம் குடிப்பவனைவிட நன்றாகவே ஓடுகிறான்.

இனி காகிதம். மைதானத்தில் தோற்றவர் அடுத்த முறை வரலாம், காகிதத்தில் தோற்றவர் ஏன் தோற்றோம் என்றே தெரியாமல் இருப்பார். விண்ணப்பம் இணையத்தில் மட்டும், கட்டணம் 250 ரூபாய். பிரவுசிங் சென்டரில் போட்டுக்கொடுக்கும்போது கடைக்காரரே தன் மின்னஞ்சலையும் செல் எண்ணையும் போட்டுவிடுகிறார். ஹால் டிக்கெட் வந்த செய்தி அவருக்குப் போகும், அவர் அதை நூறு பேருடையதோடு பார்க்காமல் விட்டுவிடுவார். சொந்தமாக ஒரு மின்னஞ்சல், இரண்டு ஆண்டுக்கு மாற்றாத ஒரு எண், கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வைத்தல், இவ்வளவும் கட்டாயம். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழ் வழி என்று படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரும் கையெழுத்திட வேண்டும். அப்பா தொழிலுக்காகக் கேரளாவுக்கும் நாகப்பட்டினத்துக்கும் குடும்பத்தோடு போய்வந்த வீட்டுப் பிள்ளைக்கு மூன்று நான்கு பள்ளி இருக்கும், ஒரு பள்ளி மூடியே போயிருக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நடக்காது. முஸ்லிம் பிள்ளைகளின் சாதிச் சான்றில் வெறுமனே முஸ்லிம் என்று மட்டும் இருந்தால் சரிபார்ப்பில் இடறும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை என்றோ, சேக், சையத் என்றோ பட்டியலில் உள்ள பிரிவு தெளிவாக இருக்க வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்களில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, ஆதாரில் மூன்றாவது ஒன்று. பள்ளிச் சான்றிதழில் இருப்பதற்கு ஏற்ப மற்றதைத் திருத்திவிட வேண்டும். வட்டாட்சியர் அலுவலகம் தடைக்காலத்தில் கரையோரத்தில் ஒரு நாள் முகாம் போட்டால் இதில் முக்கால்வாசி தீரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம் வழக்கு. தேர்வில் வென்ற பிறகு காவல் துறை முன்நடத்தை விசாரிக்கும். குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர் என்றால் வேலை இல்லை. பலருக்குத் தெரியாதது, சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலையானாலும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானாலும், விதிப்படி அவர் வழக்கில் சம்பந்தப்பட்டவர்தான். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. ஊர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பில் எதிர்த்தரப்பு கொடுத்த புகாரில் ஐந்தாவது பெயராக ஏறியவனுக்கும் இதே கதி. இந்தக் கரைக்கென்றே இன்னும் இரண்டு வலை விரித்திருக்கிறது. ஒன்று கடல் அட்டை. 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. இன்னொன்று அக்கரையான இலங்கைக்குக் கடத்திப் போகும் பீடி இலை, மஞ்சள், கஞ்சா மூட்டைகள். மூட்டையைப் படகு வரை தூக்கிக் கொடுத்தால் ஓர் இரவுக்கு ஒரு வாரக் கூலி கிடைக்கும். பிடிபடுபவன் தூக்கியவன்தான், சரக்குக்காரன் அந்தப் பக்கமே வர மாட்டான். இருபது வயதுப் பையனுக்கு அந்த ஓர் இரவோடு சீருடை முடிந்தது. வழக்கு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். மறைத்தது என்ற ஒரே காரணத்துக்காகவே, வழக்கு சின்னதாக இருந்தாலும், தேர்வை ரத்து செய்யலாம். இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுத் திரும்பியவர்களும் படிவத்தில் கைது பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதி, விடுதலை உத்தரவின் நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

இதில் காவல் துறைக்கும் ஒரு வேண்டுகோள். குடிநீர் கேட்டு நடக்கும் சாலை மறியலுக்கு, நிவாரணம் கேட்டு நடக்கும் மறியலுக்கு வழக்குப் பதியும்போது கூட்டத்தில் நின்ற மாணவர்களின் பெயரையெல்லாம் சேர்க்க வேண்டாம். ஒரு எழுத்தர் ஐந்து நிமிடத்தில் எழுதும் பட்டியல் அது.

காவலர்களை மதிப்பது என்றால் எதையும் கேட்காமல் இருப்பது என்று நாங்கள் நினைக்கவில்லை. 2011-ல் பரமக்குடியில் நடந்த துப்பாக்கிச்சூட்டை இந்த மாவட்டம் மறக்கவில்லை, 2020 சாத்தான்குளத்தை யாரும் மறக்கக் கூடாது. மகனைப் போலீஸ் வேலைக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில் இந்தப் பெயர்கள்தான் முதலில் வரும். காவலர் நண்பர்கள் குழு என்ற ஏற்பாடு 1993-ல் பிறந்ததே ராமநாதபுரத்தில்தான், அப்போது இங்கே கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது. சாத்தான்குளத்துக்குப் பிறகு அதே அமைப்புக்கு மாநிலம் முழுக்கத் தடை வந்தது. பொதுமக்களைக் காவலரின் அதிகாரத்தில் பங்கு போட வைப்பது ஆபத்து என்பது அதில் கண்ட பாடம். கயிறு கட்டுவதிலும் சான்றிதழ் முகாமிலும் காவலரும் ஊராரும் சேர்ந்து நிற்பதில் அந்த ஆபத்து இல்லை.

உள்ளே போனவர்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்கும். ஏழு மாதப் பயிற்சி. பிறகு பெரும்பாலும் ஆயுதப்படை அல்லது சிறப்புக் காவல் படை, எடுத்த எடுப்பில் காவல் நிலையம் கிடைக்காது. செப்டம்பர் 11 பரமக்குடி இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் அக்டோபர் 30 பசும்பொன் தேவர் குருபூஜைக்கும் மாநிலம் முழுவதிலிருந்தும் வரும் காவலர்கள் கல்யாண மண்டபத் தரையிலும் பள்ளி வகுப்பறையிலும் படுப்பதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். நம் பிள்ளையும் நாளை வேறு மாவட்டத்தில் அப்படித்தான் படுப்பான். வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அரசாணை வந்தது, பந்தோபஸ்து மாதங்களில் அது ஏட்டில்தான் நிற்கும். வீரவணக்க நாளும் பசும்பொன்னும் ஒன்பது நாள் இடைவெளியில் வருவதால், மலர்வளையம் வைத்துவிட்டு வரும் காவலர் நேரே தடுப்புக்கட்டை கட்டத்தான் போகிறார். அந்தப் பத்து நாளும் மண்டபங்களில் குடிநீர்த் தொட்டியும், நடமாடும் கழிப்பறையும், பெண் காவலர்களுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள அறையும் இருக்கிறதா என்று அந்தந்த ஊராட்சி முந்தைய நாளே பார்த்து வைக்கலாம்.

மரைன் போலீசார் மீனவ இளைஞர்களுக்குக் கடலோரக் காவல் படை, கடற்படைத் தேர்வுகளுக்காக நடத்தும் பயிற்சியும் உண்டு. கடலோரக் காவல் படையில் நாவிக் எனப்படும் மாலுமிப் பொதுப் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் பாடப் பிரிவு எடுக்கும்போதே இதைச் சொல்ல ஆள் இல்லாததால், நீச்சலில் மீனாக இருக்கும் பையன் வேறு பிரிவில் சேர்ந்துவிட்டுப் பிறகு கையைப் பிசைகிறான். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் வாரத்தில் கரையோரக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் சீருடையோடு பள்ளிக்கு வந்து அரை மணி நேரம் பேசினால் போதும்.

கயிற்றுச் சட்டத்துக்கு வேண்டியது நான்கு அங்குல இரும்புக் குழாய் இரண்டு, குறுக்கே ஒன்று, அடியில் கான்கிரீட் குழி, துத்தநாகம் பூசிய சாக்கிள், பத்து மீட்டர் வடம். படகுப் பட்டறையில் வெல்டிங் செய்ய ஆள் இருக்கிறார்கள், தடைக்காலத்தில் கூலி வேண்டாம் என்றே சொல்வார்கள். இடத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவலர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்